எங்கள் கானாற்றுப் பாலத்தை மாற்றிய கதை

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவில் கௌண்டன்யா ஆற்றில் போய்ச் சேரும் ஒரு கானாறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யாவில் வெள்ளம் போனபோது, கானாற்றுத் தண்ணீர் அதில் இறங்க முடியாமல் எதிர்த்து நின்றுவிட்டது. அடித்து வந்த வேலிகாத்தான் (சீமைக்கருவேல) கிளையெல்லாம் பழைய பாலத்தின் கண்களை அடைத்துக்கொள்ள, தண்ணீர் தளத்துக்கு மேலே ஏறிப் போனது. வடிந்த பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். சிமெண்ட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது, நகத்தால் சுரண்டினால் துரு பக்கு பக்காகக் கையோடு வருகிறது. வருஷக்கணக்காக மணல் அள்ளி ஓடை பள்ளமாகிவிட்டதால் தூணின் அஸ்திவாரத்துக்கு அடியிலேயே மண் இல்லை, என் கை முழங்கை வரை உள்ளே போனது. அதன்மேல்தான் தினமும் பள்ளிக்கூட வேன் போய்க்கொண்டிருந்தது, நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மனு மேல் மனு கொடுத்து ஒருவழியாகப் புதுப்பாலம் வந்தது. அளவெடுக்க வந்த இன்ஜினியரை எங்கள் தெரு ஆயா ஒருத்தர் கையைப் பிடித்துப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப் போய், சுவரில் வெள்ளச் சேறு படிந்த தடத்தைக் காட்டி, "இம்மா உசரம் வந்துது கண்ணு, இத எழுதிக்கோ" என்றார். இன்ஜினியரும் தட்டிக்கழிக்காமல் அளவுகோலை அங்கேயே நிறுத்திப் பார்த்தார், போட்டிருந்த கணக்கைவிட ஒன்றரை அடி மேலே இருந்தது. பாலம் அதற்கேற்ப உயர்ந்தது. அந்த ஆயாவுக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது.

கஷ்டம், பாலம் கட்டி முடியும்வரை போட்ட தற்காலிகப் பாதையில்தான். இரண்டே சிமெண்ட் குழாய் போட்டு மேலே மண் கொட்டினார்கள், போதாது என்று சொன்னோம், கேட்கவில்லை. ஒரு கோடைமழைக்கே கரைந்துவிட்டது. பால்காரர்கள் கேனைத் தோளில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். உங்கள் ஊரில் பாலத்தை இடிக்கப் போகிறார்கள் என்றால் முதலில் மாற்றுப்பாதையில் எத்தனை குழாய், எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

அப்புறம், பாலமும் ரோடும் சேரும் இடத்தில் மண்ணைச் சரியாக இறுக்கவில்லை, நாலு விரல் அளவு இறங்கியிருக்கிறது, பைக் தூக்கிப் போடுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதைக் கொத்திச் சரிபண்ணச் சொல்லி மறுபடி மனு கொடுத்திருக்கிறோம்.