நகராட்சி ஆள் கதவைத் தட்டிய காலம்: பழைய ஈஸ்ட் ஹாம் பற்றிக் கேட்டவை, பார்த்தவை

ஈஸ்ட் ஹாம் வாசி:

கிழக்கு லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாமின் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்குக் கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த வரிசை வீடுகள் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. சைக்கிளும் பெயின்ட் டப்பாவும் போட்டு வைத்திருக்கிறோம். அதுதான் அந்தக் காலக் கழிப்பறை என்று பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி ஒருநாள் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே தெருவில்தான். குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடாமல் இருக்க, உள்ளே ஒரு மண்ணெண்ணெய் விளக்கை இரவெல்லாம் எரிய விடுவார்களாம்.

குளியலறையும் கிடையாது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டில் குளியல் தொட்டி இல்லை. வாரம் ஒருமுறை நகராட்சிக் குளியலகத்துக்குப் போக வேண்டும். காசு கொடுத்தால் துண்டும் சோப்பும் தருவார்கள். வெந்நீரைத் திறக்கும் சாவி மட்டும் வெளியே பணியாளர் கையில். தண்ணீர் ஆறிப்போனால், "ஐந்தாம் நம்பருக்கு வெந்நீர்!" என்று உள்ளே இருந்தே கத்த வேண்டும். பாட்டியின் அண்ணன் சரியான குறும்புக்காரர். தான் ஐந்தில் இருந்துகொண்டு ஏழுக்கு வெந்நீர் கேட்பாராம். ஏழாம் நம்பரில் இருப்பவர் போடும் கூச்சல் தெருவரைக்கும் கேட்குமாம்.

பாட்டி சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது நகராட்சியின் சுகாதார ஆய்வாளரான சானிட்டரி இன்ஸ்பெக்டர் கதை. அடுத்த வீட்டில் எலித் தொல்லை. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, வாசலில் கழிவுநீர்க் குழாயின் மூடியைத் திறந்து, புகைக் குச்சி ஒன்றைக் கொளுத்தி உள்ளே போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் சமையலறைத் தரைப் பலகையின் இடுக்கிலிருந்து புகை கசிந்தது. குழாய் அங்கேதான் உடைந்திருக்கிறது. எலி வரும் வழியும் அதுதான். பலகையைப் பெயர்த்துப் பார்த்தால் கூடே இருந்ததாம். வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. குழாய் மாறியது. வாடகையும் ஏறியது என்று பாட்டி சிரித்தார்.

ஒரு விஷயம். அந்தக் காலத்து நல்லது எல்லாம் என்ஹெச்எஸ் (தேசிய சுகாதார சேவை) செய்தது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறோம். 1948 ஜூலை 5 அன்று என்ஹெச்எஸ் வந்தபோது நகராட்சி மருத்துவமனைகள் அதன் கைக்குப் போயின. ஆனால் வீட்டுக்கு வரும் மருத்துவச்சி, ஹெல்த் விசிட்டர் (தாய் சேய் நலம் பார்க்க வீடு தேடி வரும் நர்ஸ்), ஆம்புலன்ஸ், தடுப்பூசி, வயதானவர்களுக்கு வீட்டு உதவியாள் எல்லாம் உள்ளாட்சியிடமே இருந்தன. ஈஸ்ட் ஹாம் 1915 முதல் 1965 வரை கவுன்டி பரோ, அதாவது மாவட்ட அதிகாரமும் சேர்ந்த நகராட்சி. மேலே எந்தக் கவுன்டியும் இல்லாததால் இவை அத்தனையும் அதன் பொறுப்பு. 1965-ல் வெஸ்ட் ஹாமோடு சேர்ந்து நியூஹாம் ஆனது.

நகராட்சியின் சுகாதாரத் துறைக்குத் தலைவர் சுகாதார அதிகாரி. அவர் ஒரு டாக்டர். ஆண்டுதோறும் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் அறிக்கை எழுதுவார். லண்டன் பகுதி அறிக்கைகள் மட்டும் 1848 முதல் 1972 வரை 5,500-க்கு மேல் மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் கலெக்‌ஷனின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறப்பு, இறப்பு, அடைப்பெடுத்த சாக்கடை, அழித்த டின் உணவு என்று பட்டியல் பட்டியலாகப் போகும், தூக்கம் வரும். நடுவில் திடீரென்று அதிகாரிக்குக் கோபம் வரும் ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலும் வீட்டு வசதி பற்றி. அதற்காகவே படிக்கலாம்.

உங்களுக்கும் இப்படிக் கேட்ட, பார்த்த கதைகள் இருந்தால் எழுதுங்கள்.

கவுன்சில் ஊழியன்:

நான் இப்போது இதே துறையில்தான் இருக்கிறேன், வேறு பரோவில். நான் சேர்ந்த புதிதில் ஓய்வுபெற்ற ஒருவர் அலுவலகத்துக்கு வந்து ஒரு பழைய அட்டையைக் காட்டினார். வெள்ளையில் கறுப்புக் கோடுகள், கட்டத்துக்குக் கட்டம் அடர்த்தி கூடும். ரிங்கல்மன் அட்டை என்று பெயர். அதைக் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, தூரத்துப் புகைபோக்கியின் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் எண்ணோ அதைவிடக் கறுப்போ என்றால் சட்டப்படி அது கரும்புகை. கையில் கடிகாரத்தோடு தெருமுனையில் நின்று எத்தனை நிமிடம் கறுப்பாக வந்தது என்று குறிப்பார்களாம். ஆலைக்காரர்கள் ஜன்னல் வழியாக இவரைப் பார்த்ததும் புகை வெளுத்துவிடும் என்றார்.

இதற்கு வேர் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம். அப்போது சொன்ன கணக்கு சுமார் 4,000 சாவு. பின்னாள் ஆய்வுகள் 12,000 வரை போகின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்ததால் புகை நிற்கவில்லை. வீடு வீடாகப் போய், "இந்த அடுப்பை மாற்றுங்கள், செலவில் 70 சதவீதம் நாங்கள் தருகிறோம்" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அட்டையைக் காட்டிய அந்தப் பெரியவர். நிலக்கரித் தீ எரியாத வீடு வீடே இல்லை என்று நினைத்த மக்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! கதவைச் சாத்தியவர்களும் உண்டு, டீ கொடுத்து உட்கார வைத்துக் கடைசிவரை கையெழுத்துப் போடாதவர்களும் உண்டு. டீ கொடுத்தவர்கள்தான் மோசம் என்பார்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வேடிக்கையும் உண்டு. தெற்கே பெக்டனில் ராட்சத கேஸ் ஆலை. நிலக்கரியிலிருந்து கேஸ் எடுத்ததும் மிஞ்சுவது கோக். நிலக்கரிக்குப் பதிலாக வீட்டில் எரிக்கச் சொன்ன புகையில்லா எரிபொருட்களில் அதுவும் ஒன்று. ஊரெல்லாம் சுத்தமாக எரிய, அழுக்கை மொத்தமாக ஒரே இடத்தில் வைத்துக்கொண்டார்கள்!

நிலக்கரி போனதும் குப்பைத் தொட்டியும் மாறியது. முன்பு அதில் பெரும்பகுதி சாம்பல். தகரத் தொட்டியைத் தோளில் தூக்கி வண்டியில் கொட்டினால் ஆளே வெளுத்துப் போவார். அப்புறம் காகிதமும் டப்பாவும் வந்தன. எடை குறைந்தது, இடம் போதவில்லை.

டாட்டன்ஹாம் தம்பி:

குப்பை என்றதும் ஞாபகம் வந்தது. போர்க்காலத்தில் தெருவில் பன்றித் தொட்டி வைத்திருந்தார்களாம். உருளைக்கிழங்குத் தோல், மிச்சம் மீதி எல்லாம் அதில். எங்கள் டாட்டன்ஹாம் பரோ அதை வேகவைத்துப் பன்றித் தீவனமாக்கி விற்றது. 'டாட்டன்ஹாம் புட்டிங்' என்று அதற்குப் பெயரே உண்டு. அந்தப் பெயரை வைத்தது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரி ராணி என்பார்கள்.

யாழ்ப்பாணத்து நர்ஸ் (ஓய்வு):

முதியோர் வார்டில் நெடுங்காலம் வேலை செய்தேன். இங்கே எழுதியிருப்பதைப் படிக்க எனக்கு இரண்டு மனம்.

ஒரு பக்கம் நன்றி. 1940-ல் தொண்டை அடைப்பானுக்கான தடுப்பூசி இயக்கம் தொடங்குமுன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த நோயால் ஆண்டுக்கு 3,000 பேர் வரை செத்தார்கள், அதிகமும் பிள்ளைகள். 1950-களின் நடுவில் அது ஆண்டுக்கு இருபதைத் தாண்டவில்லை. அந்த ஊசி தானாகப் போய்ப் பிள்ளைகளின் கையில் ஏறவில்லை. ஹெல்த் விசிட்டர்கள் தாய்மாரோடு கதைத்துக் கதைத்துத்தான் வர வைத்தார்கள். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பார்ப்பது, ஆரஞ்சு ஜூஸ் போத்தலும் மீன் எண்ணெயும் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை.

மறுபக்கம், எங்கள் வார்டில் ஒரு அம்மா. யார் கோப்பு ஒன்றைக் கையில் எடுத்து வந்தாலும், "கவுன்சிலில் இருந்தா?" என்று நடுங்குவார். அவருடைய தாயை வீடு குப்பையாகக் கிடக்கிறது என்று கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. 1948-ம் ஆண்டுத் தேசிய உதவிச் சட்டத்தின் 47-ம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தது. சுகாதார அதிகாரி எழுதிக் கொடுத்து நீதிமன்றம் சம்மதித்தால், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அசுத்தத்தில் கிடக்கும் முதியவரை அவர் விருப்பமில்லாமலே மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். 1951-ல் அவசர வழியும் வந்தது. இங்கிலாந்தில் அந்தப் பிரிவு போனது 2014-ம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தோடுதான். சில இடத்தில் அது உயிரைக் காத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குக் கடைசிவரை கோப்பு என்றால் பயம்தான்.

மூன்றாம் தலைமுறை:

நர்ஸ் அம்மா சொன்னது சரி. என் பெரியப்பா 1960-களின் தொடக்கத்தில் வந்தவர். ஊர் பேர் வேண்டாம். ஒரே அறையில் நாலைந்து பேர், பகல் ஷிப்டுக்காரர் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்டுக்காரர் படுப்பார். அதிகாலையில் இன்ஸ்பெக்டர் வந்து கட்டில்களை எண்ணுவார். முதல் நாளே வீட்டுக்காரர், "நாளைக்கு எங்காவது பூங்காவில் உட்கார்ந்திருங்கள்" என்று எச்சரித்துவிடுவார். அவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று பெரியப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் அதிகம் என்று நோட்டீஸ் ஒட்டினால் வெளியேறுவது வாடகைக்காரன்தான். எங்கே போவான்? வாசலிலேயே "கறுப்பருக்கு இல்லை" என்று எழுதி வைத்த காலம். அதே இன்ஸ்பெக்டர் இன்னொரு நாள் வந்து, மாடிப்படியில் வைத்திருந்த மண்ணெண்ணெய் ஹீட்டரை அப்புறப்படுத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் சண்டை போட்டாராம். அது விழுந்திருந்தால் மாடியில் இருந்தவர்களுக்கு இறங்க வழியே இல்லை. அதையும் பெரியப்பா சொல்லுவார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லுவார்.

புதுசா வீடு வாங்கியவன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பழைய கணப்பு அடைத்துக் கிடக்கிறது. திறந்து விறகு எரிக்கலாமா?

கவுன்சில் ஊழியன்:

திறந்த கணப்பில் விறகு வேண்டாம் தம்பி. லண்டனின் பெரும்பகுதி இன்றும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. புகைபோக்கியில் புகை வந்தால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். அனுமதி பெற்ற அடுப்பு என்றால் வேறு கதை. எதுவானாலும் முதலில் உங்கள் கவுன்சில் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் புகைபோக்கியைச் சுத்தம் செய்யும் ஆளைக் கூப்பிட்டு, உள்ளே அடைப்போ பறவைக் கூடோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.