புதுக் கணினியில் போட்டோஷாப் ஏறிவிட்டது, பழைய பத்திரிகைக் கோப்புகளில் தமிழ் மட்டும் போய்விட்டது – உதவி தேவை

முகூர்த்தநாள்:

வணக்கம் நண்பர்களே. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கடைத் திறப்பு பிளெக்ஸ் எல்லாம் டிசைன் செய்து அச்சகங்களுக்குக் கொடுக்கிறேன். இதுவரை விண்டோஸ் 7 டெஸ்க்டாப்பில் போட்டோஷாப் சி.எஸ்.6 வைத்திருந்தேன். அதன் ஹார்டு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததால் விண்டோஸ் 11 கணினி வாங்கி, மாதச் சந்தா போட்டோஷாப் போட்டிருக்கிறேன். பழையதும் இன்னும் ஓடுகிறது.

மென்பொருள் சிக்கல் இல்லாமல் ஏறிவிட்டது. பழைய பி.எஸ்.டி. கோப்பைத் திறந்தால் படமும் சரி, எழுத்தும் சரி, முதலில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. பெயரை மாற்றலாம் என்று டைப் கருவியை எழுத்தின் மேல் வைத்த உடனே தமிழ் மொத்தமும் ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. 'திருமணம்' என்று இருந்த இடத்தில் ஜே, பி, பெரிய யு, கே, இசட், கே, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! லதா எழுத்துருவுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றால் அதுவே பட்டியலில் இல்லை. என் ஆக்‌ஷன்கள் (பதிவு செய்து வைத்த தொடர் கட்டளைகள்), பிரஷ்கள் எதையும் காணோம்.

வாடிக்கையாளர் ஒருவர் அண்ணன் கல்யாணப் பத்திரிகையையே பெயர், தேதி மாற்றித் தம்பிக்குக் கேட்கிறார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

புதுமவுஸ்:

பழைய கணினியில் இருக்கும் சி.எஸ்.6 ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டு இதில் ஒட்டிவிடுங்களேன்? இரண்டும் இருக்கட்டும்.

அச்சுக்கோப்பு:

அது ஓடாது. நிறுவும்போது விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் பொதுக் கோப்புறைகளிலும் உரிமத் தகவலிலும் எழுதப்படுபவை அந்த ஃபோல்டருக்குள் இருப்பதில்லை. ஓடினாலும் எழுத்துரு இல்லாமல் இதே கதைதான்.

முகூர்த்தநாள், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிரச்சினை தீரும்வரை அந்தக் கோப்புகளில் டைப் கருவியை வைக்காதீர்கள். எழுத்துருவை மாற்றட்டுமா, லேயரைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்துரு இல்லாவிட்டாலும் போட்டோஷாப் கடைசியாகச் சேமித்தபோது இருந்த படத்தைத்தான் காட்டுகிறது. அதனால்தான் திறந்ததும் ஒழுங்காகத் தெரிந்தது. தொட்டீர்கள் என்றால் வேறு எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அப்படியே சேமித்தால் அந்த அமைப்பு போனதுதான். கோப்புகளை முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது பாமினி வகை. அந்தக் குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துருதான் அதற்குத் தமிழ் வடிவம் கொடுத்தது. சிலருக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாக மேலே இரட்டைப் புள்ளியும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரும். அவை பெரும்பாலும் டாப், டாம் வகைகள், 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தவை. 2010இல் அரசே, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அச்சகங்கள்தான் இன்னும் முழுதாக மாறவில்லை, மாறவும் அவசரப்படவில்லை. அழகான தலைப்பு எழுத்துருக்கள் எல்லாம் பழைய குறியாக்கத்தில் கிடக்கும்போது யார் விடுவார்கள்?

ஆகவே லதா உதவாது. அது யூனிகோடு. அதைப் போட்டாலும் அதே ஜே, பி, யு-தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது பழைய கணினியில் இருந்த அதே எழுத்துரு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். கரகரக்கும் ஹார்டு டிஸ்க்கை நம்பி நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

முகூர்த்தநாள்:

நன்றி அண்ணா. எழுத்துருக்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாக டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன். பாதிக்கு மேல் வந்துவிட்டன, 'திருமணம்' திருமணமாகவே இருக்கிறது! ஆனால் போட்டோஷாப்பில் தெரியும் சில எழுத்துருக்கள், பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் தெரியவில்லை. இன்னும் நாலைந்து எழுத்துருக்கள் போட்டோஷாப்பிலேயே தெரியவில்லை.

தூரிகை:

இரண்டும் வேறு வேறு காரணமாக இருக்கும்.

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் எழுத்துரு உங்கள் கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும். விண்டோஸின் பொது ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகாது. அந்த இடத்தைப் பார்க்கத் தெரியாத பழைய மென்பொருள்கள் உண்டு. எழுத்துரு கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். கண்ணில் படவில்லை என்றால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும். பிறகு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும்.

அந்த நாலைந்தும் எந்த வகைக் கோப்பு என்று பாருங்கள். டி.டி.எஃப். இல்லாமல் பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று ஜோடியாக இருந்தால் அவை டைப் 1 எழுத்துருக்கள். போட்டோஷாப் 2021இலேயே அவற்றைக் கைவிட்டது, இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டரும் 2023இல். நீங்கள் என்ன செய்தாலும் புதுப் பதிப்பில் வராது. அதே எழுத்துருவின் டி.டி.எஃப். வடிவம், அதை உங்களுக்கு விற்றவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இடம் கொடுத்தால் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் திறந்து ஓபன்டைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

லதா வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்' சேருங்கள். லதாவும் விஜயாவும் அதில்தான் இருக்கின்றன. புது விண்டோஸில் தானாக வருவது நிர்மலா மட்டும்.

புதுமவுஸ்:

தட்டச்சுக்கு டாங்கிள் (யு.எஸ்.பி. போலச் செருகும் உரிமச் சாவி) வைத்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் பழைய தமிழ் மென்பொருள் அது செருகினால்தான் ஓடும், புதுக் கணினியில் மூச்சே விடவில்லை.

தூரிகை:

விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். அந்த டாங்கிளின் 32 பிட் டிரைவர் இதில் ஏறாது. விற்றவரிடம் 64 பிட் டிரைவர் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பழைய குறியாக்கங்களில் நேரடியாகத் தட்டச்சு செய்ய அழகி என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய பாடத்தை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போதும்.

முகூர்த்தநாள்:

பார்த்தேன், எல்லாம் பி.எஃப்.பி.தான். சரி, அவற்றுக்கு வேறு வழி பார்க்கிறேன். இனி புது வேலையை யூனிகோடில் செய்யலாம் என்று ஒரு வரி அடித்தால் 'கொ'வில் கொம்பு தனியே, கால் தனியே நிற்கிறது. புள்ளி எழுத்தின் தலையில் ஏறாமல் பக்கத்தில் கிடக்கிறது. அப்புறம் ஆக்‌ஷன்கள்?

அச்சுக்கோப்பு:

யூனிகோடுக்கு: எடிட், பிரிஃபரன்சஸ், டைப். அங்கே எழுத்து எஞ்சினை 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று வையுங்கள். பதிப்பைப் பொறுத்து 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்றும் பெயர் இருக்கும். மூடித் திறந்து, புது எழுத்து லேயரில் அடித்துப் பாருங்கள். முன்பே அடித்த லேயர் திருந்தாவிட்டால் பாரக்ராஃப் பேனலின் மெனுவில் அதே வேர்ல்டு-ரெடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுக் கணினியில் இந்த அமைப்பு உங்களோடு வராது, அதனால் முன்பு ஒழுங்காக அடித்தவர்களுக்கும் இது நடக்கும்.

ஆக்‌ஷனுக்குப் பழைய கணினியில் எடிட், பிரீசெட்ஸ், 'எக்ஸ்போர்ட்/இம்போர்ட் பிரீசெட்ஸ்' இருக்கிறது. சி.எஸ்.6இலேயே வந்துவிட்டது. அதில் எடுத்து இங்கே இம்போர்ட் செய்யுங்கள். வராத ஆக்‌ஷன் இருந்தால், ஆக்‌ஷன் பேனலில் உள்ள ஒற்றை ஆக்‌ஷனை அல்ல, அது இருக்கும் செட்டைத் தேர்ந்தெடுத்தால்தான் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' ஒளிரும். ஏ.டி.என். கோப்பாகச் சேமித்து இங்கே இரட்டைக் கிளிக் செய்தால் போதும்.

முகூர்த்தநாள்:

ஆக்‌ஷன்கள் வந்துவிட்டன. 'கொ' சேர்ந்துவிட்டது. தம்பி பத்திரிகையில் பெயர் மாற்றியாகிவிட்டது. இதை அச்சகத்துக்கு அனுப்பினால் அவர்கள் கணினியில் இதே கூத்து நடக்குமா?

தூரிகை:

பி.எஸ்.டி.யை அப்படியே கொடுத்தால் நடக்கலாம். ஒரு நகல் எடுத்து, அதில் எழுத்து லேயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'கன்வெர்ட் டு ஷேப்' கொடுங்கள், எழுத்து வெறும் வடிவமாகிவிடும், எழுத்துரு தேவைப்படாது; கோரல்டிரா மென்பொருளில் கர்வ் போடுவது மாதிரிதான். பிறகு பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். எழுத்தாக இருக்கும் மூலக் கோப்பை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தம்பி இருக்கலாம்.