புதுப்பிப்பு: விறைப்புக் குறைவு என்று போனேன், சர்க்கரை என்று வந்தேன்

மூன்று மாதம் முன்பு, விறைப்பு சரியாக வருவதில்லை, மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா என்று கேட்டிருந்தேன். வாங்கவில்லை, டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது பிரஷரையும் சர்க்கரையையும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.4! (6.5 வந்தாலே சர்க்கரை நோய்தான்.)

ஆணுறுப்பின் ரத்தக்குழாய் 1 முதல் 2 மி.மீ., இதயத்துடையது 3 முதல் 4. அதனால் சர்க்கரையால் வரும் அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் காட்டுமாம், பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்பே. இதைக் கேட்டதும் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. இன்னொன்று: இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் விறைப்பு மருந்து) பக்கமே போகக்கூடாது, பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

அப்புறம், சிகரெட்டை விட்டாயிற்று. மாத்திரை, தினமும் நடை. சர்க்கரை இப்போது 6.9. நான் கேட்டிருந்த விறைப்பு விஷயமா? முழுசாக இல்லை, ஆனால் முன்னைக்குப் பரவாயில்லை.