எட்டு சிலிண்டர் பழைய சொகுசு கார்: பழுதான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்களைக் கழற்றிவிடலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2002ஆம் ஆண்டில் தயாரான வி8 சொகுசு கார் இருக்கிறது. சில மாதங்களாக செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர்கள் இரண்டும் சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420, பி0430 ஆகிய இரண்டும், இடையிடையே சிலிண்டர்களில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று காட்டும் பி0300 குறியீடும் வருகின்றன. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அடியில் வலப்பக்கம் கூழாங்கற்கள் உருளுவதைப் போன்ற சத்தம் கேட்கிறது. மேட்டில் ஏறும்போது இழுவையும் குறைந்துவிட்டது. என் மெக்கானிக், கன்வெர்ட்டர்களுக்குள் இருக்கும் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைத் திரும்பப் பொருத்திவிடலாம் என்கிறார். தயாரிப்பாளரின் அசல் பாகங்கள் இரண்டையும் வாங்குவதென்றால், காரின் இன்றைய மதிப்பில் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

ஐயா, நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட பி0300தான் முதலில் கவனிக்க வேண்டியது. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்போது, அங்குள்ள வெப்பம் வழக்கமான அளவைத் தாண்டி ஏறி, தேன்கூடு போன்ற பீங்கான் உருகவோ நொறுங்கவோ செய்கிறது. அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில்தான் போகும். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சோதியுங்கள். மெர்சிடிஸின் எம்113 போன்ற இன்ஜின்களில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 பிளக்குகள் உள்ளன. கைக்கு எட்டாத சிலவற்றை மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

அடைப்பு இருக்கிறதா என்று அறிய, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். 2500 ஆர்பிஎம்மில் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் புகை வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

பதில் 2

உள்ளிருப்பதை உடைத்து எடுக்கும் யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அந்தப் பீங்கான் மேல் பூசிய பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும்தான் மாற்றுகின்றன. வெறும் கூடு எதையும் செய்யாது. பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுகொள்வதால் செக் இன்ஜின் விளக்கும் அணையாது. அந்த விளக்கை மென்பொருளால் அடக்கினால், உங்கள் பின்னால் வருபவர்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்.

செலவைக் குறைக்க வேண்டுமானால், உங்கள் காரின் உமிழ்வுத் தரத்துக்குச் சான்று பெற்ற வேறு நிறுவனத்தின் கன்வெர்ட்டரை வாங்கலாம். மிக மலிவானவற்றில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு குறைவாக இருப்பதால், சில மாதங்களிலேயே பி0420 திரும்பி வருவதுண்டு. பழைய கன்வெர்ட்டர்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அவற்றிலுள்ள உலோகத்துக்காக மறுசுழற்சி செய்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

பதில் 3

கழற்றும் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இத்தனை ஆண்டு துருப்பிடித்த போல்ட்டுகளை முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெயில் ஊறவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். புதிய கேஸ்கெட்டைப் பொருத்திய பிறகு கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று கலந்து தவறான அளவைக் காட்டும். நொறுங்கிய துண்டுகள் பின்னால் உள்ள சைலன்சரில் தங்கியிருந்தால் அதையும் சுத்தம் செய்ய வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்ததில் வலப்பக்க வரிசையில் ஒரு காயில் செயலிழந்திருந்தது. அதை மாற்றியபின் பி0300 வரவில்லை. அழுத்தம் வலப்பக்கம் 5 பிஎஸ்ஐ, இடப்பக்கம் 1 பிஎஸ்ஐ. எனவே வலப்பக்கத்துக்குச் சான்று பெற்ற புதிய கன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். இடப்பக்கம் அடைபடவில்லை என்றாலும் பி0430 இன்னும் இருப்பதால், அந்தப் பக்கச் சென்சார்களையும் கசிவையும் பார்த்துவிட்டு அதை மாற்றுவது பற்றி முடிவெடுப்பேன்.