கிராம சபைத் தீர்மானம் பதிவேட்டில் ஏற என்ன வழி?

ஏரிக்கரை:
எங்கள் ஊராட்சியில் கட்சி சார்பில்லாமல் பன்னிரண்டு பேர் குழுவாகச் சேர்கிறோம். அக்டோபர் 2 கிராம சபைதான் முதல் இலக்கு. மக்கள்தொகை 2,800. இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். கேள்வி கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வருகிறது, பதிவேட்டில் எதுவும் ஏறுவதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்? கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா?

வரப்பு:
2,800 பேர் என்றால் கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) 100. (500 வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.) வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை எப்படியும் நிரம்பிவிடும். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள், தீர்மானம் எழுதும் நேரத்தில் முப்பது பேர்தான் இருப்பார்கள். தெருவுக்கு இருவர் வீதம் கடைசிவரை இருக்க ஆள் பேசி வையுங்கள்.

பொதுப் பொருள்கள் சென்னையிலிருந்து சுற்றறிக்கையாக வரும், அவற்றை வாசித்தே நேரம் போய்விடும். ஆகவே உங்கள் கோரிக்கையைக் கூட்டத்துக்கு முன்பே மனுவாக இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் பதிவு வசதியுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). மனுவிலேயே தீர்மான வாசகத்தையும் எழுதிக் கொடுங்கள். "சாலை வசதி வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. எந்தத் தெரு, எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், புல எண், எந்த நிதி என்று எழுதினால்தான் மதிப்பீடு போட முடியும்.

பட்டா, ரேஷன் அட்டை எல்லாம் ஊராட்சியின் கையில் இல்லை. அவற்றை இங்கே எழுப்பினால் கூட்டம் திசை மாறும், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது வசதி.

கணக்குப்பிள்ளை:
நிதி விஷயத்தில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் (2021-26) 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று இருந்தது. அப்படி ஒதுக்கிய பணத்தில் சாலை கேட்டால் தீர்மானம் ஏறினாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் திரும்பிவிடும். மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி தேர்ந்தெடுத்தால் வளர்ச்சித் திட்டமும் நிதிக்குழுச் செலவும் தெரியும். ஊராட்சியின் வீட்டு வரி போன்ற சொந்த வருவாய்க் கணக்கை ஊராட்சிப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும்.

மற்றவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் பீ வில்லை ஒட்டினால் போதும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் மழுப்ப இடம் கிடைக்கும். குறிப்பிட்ட பணியின் மதிப்பீடு, எம்-புக் (வேலையின் அளவுப் புத்தகம்), பில் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆகவே அக்டோபருக்கு வேண்டியதை ஆகஸ்ட் முதல் பாதியிலேயே அனுப்பிவிட வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளில் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் [பிரிவு 6(3)].

வரப்பு:
சேர்த்துக்கொள்ள ஒன்று: வருடத் திட்டம், பட்ஜெட், தணிக்கை அறிக்கை மூன்றுக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் பணி என்று 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. தணிக்கை அறிக்கையை வாசிக்கச் சொல்ல இது போதும்.

தெற்குத் தெரு:
கட்சிக்காரர்கள் பற்றி: உறுப்பினராக வரட்டும், ஒருங்கிணைப்பாளராக வேண்டாம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, ஆனால் யார் எந்தக் கட்சி என்று டீக்கடைக்கே தெரியும். உங்கள் குழுவையும் அப்படித்தான் அளப்பார்கள். தேர்தலில் நிற்க விரும்புபவர் முன்கூட்டியே விலக வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். பிளக்ஸ் நன்கொடை வாங்காதீர்கள். தலைக்கு 50 ரூபாய், கணக்கு வாட்ஸ்அப் குழுவில். ஒரு கூட்டத்துக்கு இரண்டு கோரிக்கை போதும்.

ஏரிக்கரை:
நன்றி. தீர்மானத்தை எழுத மறுத்தால்? தனி அலுவலரே பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்), அவரிடமே அவரைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது?

வரப்பு:
முத்திரை போட்ட மனு நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் உதவி இயக்குநரிடம் (ஊராட்சிகள்) போங்கள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். கூட்டத்தன்று பற்றாளர் (கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அரசு அலுவலர்) யார் என்று பெயரைக் குறித்துக்கொண்டு அவர் முன்னால் வாசகத்தைச் சொல்லுங்கள். எழுதிய தீர்மானத்தைச் சத்தமாக வாசித்து எண் சொன்ன பிறகே அதன் கீழ் கையெழுத்து. வெற்றுத் தாளில் ஒருவரும் போடக் கூடாது, பின்னால் எதுவும் ஏறும். மறுவாரமே அந்தப் பக்கத்தின் நகலுக்கு விண்ணப்பியுங்கள்.