பாராளுமன்றத்தை நடத்திற காசு: வெட்டவேணுமோ, விடவேணுமோ?

இணுவில் தோட்டம் | மாலை 6.40

ஒதுக்கீட்டுச் சட்டமூலத்திலை ஒவ்வொரு வருசமும் "தலைப்பு 16" எண்டு ஒண்டு வரும். பாராளுமன்றத்தை நடத்திற செலவு அதுக்குள்ளைதான்: எம்.பி.மாரின்ர கொடுப்பனவு, ஊழியர் சம்பளம், கட்டிடம், கரண்ட், சாப்பாடு. நான் நேரை சொல்லுறன், அதைப் பாதியாக வெட்டவேணும். 225 பேர் தேவையில்லை, 150 பேர் காணும்.

நேற்று விடிய நாலு மணிக்கு மூண்டு மூடை வெங்காயம் சந்தைக்குக் கொண்டுபோனனான். கிண்டி, ஈரம் காயவிட்டு, மனிசியும் நானும் இருந்து தெரிஞ்சு கட்டின வெங்காயம். ஒரு அழுகல் இல்லை. தராசிலை வைச்ச உடனை "கழிவு" எண்டு ஒரு பங்கைக் குறைச்சுப்போட்டுத்தான் விலை சொல்லிச்சினம். கேட்டால் வழமையாம். வரேக்கை பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கினன், அதுக்கு 18 வீதம் வற். எங்களிட்டை இருந்து கழிக்க ஆருக்கும் யோசினை வாறதில்லை. தியவன்னா ஓயாவிலை இருக்கிற சபையும் அதே காசிலைதான் நடக்குது. அதிலையும் கழிக்கட்டும்.

கணக்கு ஐயா, நல்லூர் | மாலை 7.15

தம்பி, சந்தைக் கழிவு விசயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் வெட்ட முதல் எதை வெட்டுகிறோம் என்று பார்க்கவேண்டும். பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கும் கொடுப்பனவுப் பட்டியலை வைத்து ஒரு கணக்குப் போட்டேன்.

மாதக் கொடுப்பனவு 54,285 ரூபா. 225 பேருக்கு வருடம் 14 கோடி 65 இலட்சத்துச் சொச்சம். அலுவலகக் கொடுப்பனவு மாதம் 1 இலட்சம், அது வருடம் 27 கோடி. தொலைபேசிக்கு மாதம் 50,000, அது 13 கோடி 50 இலட்சம். அமைச்சர்மாரின் கணக்கு வேறு, அதை விட்டுவிட்டேன். மூன்றையும் கூட்டினால் 55 கோடி. நாட்டில் 2 கோடி 17 இலட்சம் பேர். ஆளுக்கு வருடம் 25 ரூபா, ஒரு பிளேன்ரீக்குக் காணாத காசு.

மூன்றில் சம்பளமும் தொலைபேசியும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதைக் கவனியுங்கள். கத்தி வைக்கவேண்டிய இடம் அது. சாப்பாட்டு விலையை 2025 பெப்ரவரியில் நாளுக்கு 450 ரூபாவிலிருந்து 2,000 ஆக்கினார்கள், அது சரி. ஆனால் தலைப்பு 16இல் செயலாளர் நாயகத்தின் கீழ் உள்ள ஊழியர், சபைப் பேச்சுகளைப் பதியும் ஹன்சாட், மொழிபெயர்ப்பு, குழுக்களின் அலுவலகங்கள், 1982இல் திறந்த அந்தக் கட்டிடத்தின் பராமரிப்பு எல்லாம் இருக்கின்றன. பாதி என்று ஒரேயடியாக வெட்டினால் அவையும் சேர்ந்து போகும். இன்னொன்று. எரிபொருள் தூரத்தைப் பொறுத்துக் கொடுப்பது. எல்லாருக்கும் ஒரே வீதத்தில் வெட்டினால் 400 கிலோமீற்றர் ஓடும் யாழ்ப்பாணத்து எம்.பி.க்குத்தான் கூட விழும்.

கொக்குவில் பெடியன் | மாலை 7.32

ஐயா, 25 ரூபாவோ 250 ரூபாவோ எண்டது என்ர கேள்வி இல்லை. குடுத்த காசுக்கு வேலை நடக்குதோ? 225 பேரிலை 20 பேர் இருந்தால் சபை நடத்தலாம் எண்டு அரசியலமைப்பின்ர 73ஆவது உறுப்புரை சொல்லுது. அந்த 20 பேரும் இல்லாமல் மணி அடிச்சு, பிறகும் ஆள் வராமல் ஒத்திவைச்ச நாளுகள் இருக்கு. அமர்வுக்கு வந்தால் நாளுக்கு 2,500 ரூபா வேறை. வேலைக்கு வாறதுக்குச் சம்பளத்துக்கு மேலாலை தனிக்காசு எந்த வேலையிலை இருக்கு? நான் ஒரு கடையிலை நிக்கிறன். ஒரு நாள் வராட்டில் அந்த நாள் காசு இல்லை. அதே சட்டம் அங்கையும் இருக்கட்டும்.

மானிப்பாய் அக்கா | இரவு 8.05

நான் அரச மொழிபெயர்ப்பில் 26 வருடம் இருந்து ஓய்வுபெற்றவள். சிக்கனம் என்ற சொல் மேலிருந்து வரும்போது கீழே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர். ஒருவர் ஒலிவாங்கியில் பேச, மற்றவர் எண்களைத் துண்டில் எழுதி முன்னால் தள்ளுவார். காதில் "பில்லியன்" என்று விழுந்ததை "கோடி" ஆக்கி வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பேச்சாளர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆள் மாறவேண்டும், இல்லாவிட்டால் பிழை வரத் தொடங்கும். இந்த வேலையை ஒரு கூண்டுக்கு ஒராளை வைத்துச் செய்ய ஏலாது.

செலவைக் குறை என்றால் எந்தக் கந்தோரும் முதலில் செய்வது வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதுதான். நான் வேலைசெய்த இடமொன்றில் அப்படி இரண்டு பதவி மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டும் தமிழ்ப் பதவி. சிங்கள அறிக்கை தையில் வந்தால் தமிழ் அறிக்கை ஆடியில் வரும். ஆடியில் அதை வாசித்து என்ன செய்வது? முடிவெடுத்து முடிந்திருக்கும். பாராளுமன்றத்தின் காசைப் பாதியாக்கினால் எம்.பி.மாரின் போன் காசு கடைசியில்தான் போகும். தமிழ்க் கூண்டு முதலில் போகும்.

இணுவில் தோட்டம் | இரவு 8.21

அக்கா, தமிழ் மொழிபெயர்ப்பிலை கைவைக்க நான் சொல்லமாட்டன். அது வேறை.

ஆனால் 2021 மே மாசம் இரசாயனப் பசளையை வர்த்தமானியாலை நிப்பாட்டேக்கை உந்த 225 பேரும் இருந்தவை. மொழிபெயர்ப்பும் இருந்தது, குழுவும் இருந்தது. என்ர தோட்டத்திலை வெங்காயத் தாள் நுனியிலை இருந்து மஞ்சளாகி இறங்கிச்சு. கிண்டிப் பாத்தால் பருக்கேல்லை, விதைக்கு வைச்ச வெங்காயத்தின்ர அளவிலைதான் இருந்தது. போட்ட விதைக் காசே திரும்பேல்லை, மனிசின்ர சங்கிலி அடைவிலை போச்சு. அந்த வருசம் நவம்பரிலை தடையைக் கைவிட்டவை. அது விவசாயி றோட்டிலை இறங்கினதாலை நடந்தது. சபை என்ன செய்தது? ஆராவது எனக்குச் சொல்லுங்கோ.

கணக்கு ஐயா, நல்லூர் | இரவு 8.50

உங்கள் கேள்வி நியாயமானது. அரசுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தது, அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் தடுக்கவில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த முடிவு சபையில் விவாதித்து எடுத்தது அல்ல. ஒரு குழுவுக்கு முன் போய், விவசாயத் திணைக்களத்து ஆட்களைக் கூப்பிட்டு, "இந்தப் போகத்துக்கு மாற்றுப் பசளை எத்தனை தொன் கையில் இருக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால் வண்டவாளம் வெளியில் வந்திருக்கும். கேட்பதற்குக் குழுவிடம் தரவு எடுத்துத் தரும் ஆட்கள் இருக்கவேண்டும். அது தலைப்பு 16 காசு.

குழு வேலைசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தை, அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழு ஆராய்ந்து 2016 ஒக்ரோபரில் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகுதான் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. அந்தப் பாராளுமன்றத்தில் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர் எங்கள் மாவட்டத்து எம்.பி. சுமந்திரன். பாராளுமன்றத்துக்கென்று தனியாக ஒரு வரவுசெலவு அலுவலகம் அமைக்க 2023இல் சட்டம் போட்டார்கள். திறைசேரி சொல்லும் எண்ணைச் சரிபார்க்கச் சபைக்குச் சொந்தக் கணக்காளர் வேண்டும் என்பதற்குத்தான் அது. இந்தக் காசை நான் ஒரு சதமும் குறைக்கவிடமாட்டேன்.

கைதடிச் சந்தி | இரவு 9.14

வெட்டச் சொல்லுறவை எல்லாரும் ஒருக்கால் கைதடிக்கு வாங்கோ. ஏ9 றோட்டுக் கரையிலை வடக்கு மாகாண சபை இருக்கு. 2013 செப்ரெம்பர் 21 வரிசையிலை நிண்டு வோட்டுப் போட்டம். 38 உறுப்பினர். 2018 ஒக்ரோபரிலை காலம் முடிஞ்சுது. 2017இலை தேர்தல் முறையை மாத்திச் சட்டம் கொண்டுவந்து, எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடிச்சு, தேர்தல் அப்பிடியே நிண்டுபோச்சு. அண்டையிலை இருந்து உறுப்பினருக்குச் சம்பளம் இல்லை, அமர்வுச் செலவு இல்லை, வாகனம் இல்லை. நீங்கள் கேக்கிறது பாதி, அங்கை முழுக்க வெட்டியாச்சு.

மாகாணத்தின்ர செலவு நிண்டுதோ? திணைக்களம் எல்லாம் நடக்குது, காசு வருது, போகுது. ஆளுநரும் செயலாளர்மாரும் முடிவெடுக்கினம். அந்தக் காசு எங்கை போனது எண்டு எழும்பிக் கேக்கத் தெரிவான ஒராள் இல்லை, அதுதான் வித்தியாசம்.

என்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலை கணித ரீச்சர் மாற்றலாகிப் போய் எட்டு மாசம் ஆள் வரேல்லை. அவள் ஓ.எல். வகுப்பு. நான் ஒரு கந்தோருக்குப் போனன், மேலிடத்திலை கேக்கச் சொல்லிச்சினம். அங்கை போனன், கோப்பு முதல் போன இடத்திலைதான் இருக்கெண்டிச்சினம். மூண்டாம் முறை போகேக்கை வாங்கிலை எனக்குப் பக்கத்திலை இன்னும் நாலு தாய்தகப்பன், அதே கதை. சபை இருந்த காலத்திலை இப்பிடி ஒரு விசயம் எண்டால் எங்கட பக்கத்து உறுப்பினரைக் கொண்டு சபையிலை கேள்வி போடுவிப்பம். அமைச்சர் எழும்பிப் பதில் சொல்லவேணும், அடுத்த நாள் பேப்பரிலை வரும். மண்டபம் பூட்டினதாலை மிச்சம் பிடிச்ச காசிலை என்ர மகளுக்கு ஒரு கணித ரீச்சர் வரேல்லை.

கொக்குவில் பெடியன் | இரவு 9.30

அண்ணை, மகளின்ர விசயம் கவலையானது. ஆனால் அந்தச் சபை இருந்த காலத்தையும் மறக்கக்கூடாது. 2017 ஆனியிலை தங்கட முதலமைச்சருக்கு எதிராகத் தாங்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து ரண்டாக நிண்டவை. தீர்மானம் தீர்மானமாக நிறைவேற்றிச்சினம். சட்டமாக வந்தது எத்தனை? அந்த அஞ்சு வருசத்திலை நான் ஓ.எல். எடுத்து, ஏ.எல். எடுத்து, வேலை தேடத் தொடங்கீட்டன். எங்களுக்கெண்டு அந்தச் சபையாலை ஒரு தொழிற்பயிற்சி வந்ததாக எனக்குத் தெரியேல்லை. மண்டபம் திறந்திருந்தாலே வேலை நடக்கும் எண்டு நான் நம்பமாட்டன்.

கைதடிச் சந்தி | இரவு 9.41

தம்பி, அந்தச் சண்டையே அமைச்சர்மாருக்கு மேலை விசாரணை வைச்சு, அறிக்கை சபைக்கு வந்ததாலைதான் தொடங்கினது. அப்ப ஒரு அமைச்சர் பிழைவிட்டால் அறிக்கை வந்தது. இப்ப ஒரு செயலாளர் பிழைவிட்டால் உமக்கும் எனக்கும் தெரியவராது.

ஈஸ்ற்ஹாம் | இரவு 10.02

ஊரை விட்டு வந்து 30 வருசம், எண்டாலும் இதிலை ஒண்டு சொல்லலாம். 2009இலை இங்கை லண்டனிலை எம்.பி.மாரின்ர செலவுக் கணக்கு வெளியிலை வந்து நாடே கொதிச்சது. வீட்டுக்கடன் வட்டி, தளபாடம் எல்லாம் மக்கள் காசிலை. அதுக்குப் பிறகு அவையின்ர செலவைப் பாக்கத் தனி அமைப்பு ஒண்டு வைச்சவை. இப்ப என்ர தொகுதி எம்.பி. றெயின் ரிக்கற்றுக்கு எவ்வளவு எடுத்தவர் எண்டு நான் வீட்டிலை இருந்து பாக்கலாம். இங்கத்தைச் சபையின்ர நிர்வாகச் செலவு மதிப்பீட்டைத் திறைசேரி போடுறதில்லை. 1978 சட்டத்தின்படி சபாநாயகர் தலைமையிலை உள்ள ஆணைக்குழு போடும். காசைக் குறைக்கிறதை விட இந்த ரண்டும் முக்கியம் எண்டது என்ர எண்ணம்.

கணக்கு ஐயா, நல்லூர் | இரவு 10.25

இதைத்தான் சொல்ல வந்தேன். பையின் கயிறு யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விசயம். 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவேண்டியது. திறைசேரி காசு விடவில்லை, தேர்தல் நின்றது. வரவுசெலவில் ஒதுக்கிய காசை மறிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை கொடுத்த பிறகும் தேர்தல் நடக்கவில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்ற தீர்ப்பு 2024 ஓகஸ்டில்தான் வந்தது. அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை அரச நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. 2018 நவம்பர் 29 அந்த அதிகாரத்தைப் பாவித்து, பிரதமர் செயலகத்துக்குப் போகும் காசை நிறுத்தும் தீர்மானத்தை 123 வாக்கால் நிறைவேற்றினார்கள். அப்படிப்பட்ட சபை தன் சொந்தச் செலவுக்குத் திறைசேரியின் முகத்தைப் பார்த்து நிற்கக்கூடாது. செலவைக் குறை என்று நாங்களே கேட்டுக்கொடுத்தால், நாளைக்கு ஒரு ஜனாதிபதி அதே சொல்லைச் சொல்லிக் குழுக்களைப் பட்டினி போடுவார்.

150 பேர் என்ற கதைக்கும் ஒரு சொல். யாழ் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் பெரும்பகுதி பிரிக்கிறார்கள். மொத்தத்தை 150 ஆக்கினால் இந்த ஆறும் நாலாகும். 1983இல், தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று சத்தியம் கேட்ட ஆறாம் திருத்தத்தோடு எங்கள் எம்.பி.மார் ஆசனம் இழந்து, 1989 வரை இந்த மண்ணுக்காக அங்கே பேச ஆள் இல்லாமல் இருந்தது. அந்த ஆறு வருடமும் நான் கச்சேரியில் வேலை. என்ன நடந்தாலும் கேட்பாரில்லை என்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இணுவில் தோட்டம் | இரவு 10.48

ஐயா, 150 எண்டதை நான் திருப்பி எடுக்கிறன். ஆசனக் கணக்கை நான் அப்பிடிப் பாக்கேல்லை. குழுவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் காசு விடட்டும்.

போன் காசிலையும் அலுவலகக் காசிலையும் நான் விடமாட்டன். மாசம் 50,000 எண்டு கையிலை குடுக்காமல், பில்லைக் காட்டினால் அந்தளவு மட்டும். அலுவலகத்துக்கு ஒரு இலட்சம் எண்டால் கதவிலை பெயர்ப்பலகையும், திறந்திருக்கிற நேரமும், உள்ளை ஒராளும் இருக்கவேணும். அந்தக் கணக்கு மூண்டு மொழியிலையும் மாசம் மாசம் வெளியிலை வரவேணும்.

கொக்குவில் பெடியன் | இரவு 10.55

அமர்வுக்கு வராத நாளுக்குக் கொடுப்பனவிலையும் கழிக்கவேணும். அது இல்லாமல் ஒரு சதமும் கூட்டக்கூடாது. இதிலை நான் மாறமாட்டன்.

மானிப்பாய் அக்கா | இரவு 11.10

வரவு ஒவ்வொரு அமர்வின் கூட்ட அறிக்கையிலும் பதிவாகிறது தம்பி. யாழ் மாவட்டத்து ஆறு பேரின் வரவையும் எடுத்துப் பார்ப்போம். இவ்வளவு நேரம் கதைத்ததை ஒரு பக்கக் கடிதமாகத் தந்தால் நான் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன். ஆறு பேருக்கும் சபாநாயகருக்கும் அனுப்பலாம்.

கணக்கு ஐயா, நல்லூர் | இரவு 11.18

கொடுப்பனவுப் பட்டியலைப் பிரதி எடுத்து வைக்கிறேன். ஞாயிறு காலை எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுவோம்.

இணுவில் தோட்டம் | இரவு 11.20

சந்தை முடிய பத்து மணிக்கு வாறன் ஐயா. தராசுக் கழிவையும் அதே கடிதத்திலை போடவேணும்.