ஜப்பானியத்தில் ‘உமை’ என்று எங்கே சொல்லலாம்?

கேள்வி:
ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்கிறேன். பாடநூலில் சாப்பாடு ருசியாக இருந்தால் ‘ஓய்ஷி’ என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பானியச் சமையல் நிகழ்ச்சிகளில் முதல் வாய் வைத்ததுமே ‘உமை!’ என்கிறார்கள். சிலர் ‘உமே!’ என்று இழுக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? பெண்கள் சொல்லலாமா? ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு ‘உமை தெஷ்தா’ சரியா? மேலாளர் ராமென் வாங்கிக் கொடுத்தால் எதைச் சொல்வது?

பதில்:
முதலில் உச்சரிப்பைச் சரி செய்துகொள்ளுங்கள், தமிழர்கள் பெரும்பாலும் தவறுவது அங்கேதான். ‘உமை’ என்று எழுதினால் கடைசி ஐகாரம் நம் வாயில் தானாகக் குறுகிவிடும், ஐகாரக்குறுக்கம் நமக்கு அவ்வளவு பழக்கம். ஜப்பானியக் காதுக்குச் சொல் பாதியில் அறுந்ததுபோல் இருக்கும். அது உ‑ம‑இ, மூன்று மாத்திரை, மூன்றும் சம அளவு. குரல் ‘ம’வில் ஏறி ‘இ’யில் இறங்க வேண்டும். அதேபோல் ‘ஓய்ஷி’ அல்ல, ஒ‑இ‑ஷி‑இ. தொடக்கத்து ‘ஒ’ குறில், கடைசி ‘ஷீ’ நெடில். நாம் இரண்டையும் தலைகீழாகச் சொல்கிறோம். நான்கு விரலை மடக்கி எண்ணிச் சொல்லிப் பாருங்கள், இரண்டே நாளில் படிந்துவிடும்.

‘உமே’ தனிச்சொல் அல்ல. பேச்சில் கடைசி ‘அ‑இ’ சேர்ந்து ‘ஏ’ ஆகிறது. ‘தகஇ’ (விலை அதிகம்) ‘தகே’ ஆவதும் இப்படித்தான்.

பதில்:
‘உமஇ’க்கும் ‘ஒஇஷீ’க்கும் பொருள் ஒன்று, இடம் வேறு. ‘ஒஇஷீ’யின் முதல் ‘ஒ’ மரியாதை முன்னொட்டு, ‘ஒச்சா’ (தேநீர்), ‘ஒமிஸு’ (தண்ணீர்) என்பவற்றில் வருவதேதான். அரண்மனைப் பெண்களின் பேச்சிலிருந்து பரவிய சொல், அந்த மென்மை இன்னும் ஒட்டியிருக்கிறது. ‘உமஇ’யில் அது கிடையாது. முன்பு ஆண்கள் பேச்சாகவே கருதப்பட்டது. இன்று தோழிகளுக்குள் பெண்களும் தாராளமாகச் சொல்கிறார்கள். ‘உமே’ மட்டும் இன்னும் முரட்டு ஆண் பேச்சுதான், புதிதாகப் படிப்பவர்கள் காதால் புரிந்துகொண்டால் போதும்.

மேலாளரிடம் ‘ஒஇஷீ தெஸ்’. சாப்பிட்டு முடித்ததும் ‘கொச்சிசோசமா தெஷ்தா’ (விருந்துக்கு நன்றி). இரண்டாவதை விட்டுவிட்டால்தான் குறையாகத் தெரியும்.

‘உமை தெஷ்தா’ தவறு. தமிழில் ‘நன்றாக’ மாறாது, ‘இருந்தது’தான் காலத்தைச் சுமக்கிறது. அதனால் வாய் தானாக ‘தெஸ்’ஸை ‘தெஷ்தா’ என்று இறந்தகாலமாக்கப் போகிறது. ஜப்பானியத்தில் இந்த வகைப் பெயரடையே காலம் காட்டும். கடைசி ‘இ’யை எடுத்துவிட்டு ஒட்டுங்கள்:

உமகத்தா – ருசியாக இருந்தது
உமகுனஇ – ருசியாக இல்லை
உமகுனகத்தா – ருசியாக இருக்கவில்லை

பணிவு வேண்டுமானால் பின்னால் மாறாத ‘தெஸ்’: ‘உமகத்தா தெஸ்’. ‘உமஇ தா’ என்று ‘தா’ (‘தெஸ்’ஸின் பணிவில்லாத வடிவம்) சேர்க்கவே கூடாது. இங்கே ‘க’வை ‘பகல்’ போல மெலிதாக்காதீர்கள், ‘பக்கம்’ என்பதில் உள்ள வன்மை வேண்டும், ஆனால் இரட்டிக்காமல்.

தட்டு மேசைக்கு வந்ததும், வாயில் வைக்குமுன், ‘உமசோ!’ (பார்த்தாலே ருசி தெரிகிறது). ‘உமஇ சோ தா’ என்றால் ‘ருசியாக இருக்குமாம்’ என்று கேள்விப்பட்டதாகிவிடும். ஒரு ‘இ’தான் வித்தியாசம்.

பிடிக்கவில்லை என்றால் சமைத்தவர் எதிரில் ‘உமகுனஇ’ வேண்டாம், அப்பட்டமாக விழும். ‘மஸுஇ’ (ருசி கெட்டது) இன்னும் மோசம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ‘செம டேஸ்ட்’ என்பதற்கு ‘உமஇ’ போதுமா? நண்பர் சமைத்துக் கொடுத்தால் ‘ர்யோரி உமஇ நே’ சரியா?

பதில்:
‘உமஇ’யில் ‘செம’ இல்லை. அது ‘ஒஇஷீ’யைவிடத் தூக்கலான பாராட்டு அல்ல, நெருக்கமான பேச்சு, அவ்வளவுதான். ‘செம’ வேண்டுமென்றால் ‘மெச்சா உமஇ’.

‘ர்யோரி உமஇ நே’ நல்ல வாக்கியம், ஆனால் அதன் பொருள் ‘நீ நன்றாகச் சமைக்கிறாய்’. ‘உமஇ’க்குத் ‘திறமை’ என்ற பொருளும் உண்டு. பாட்டு, ஓவியம், சமையல் என்று செயலோடு வந்தால் திறமை. உணவோடு வந்தால் ருசி. இந்தக் கறியையே சொல்ல வேண்டுமானால் ‘கொனோ கரே, உமஇ நே’. இன்னும் சாப்பிடாதவருக்குச் சொல்லும்போது ‘நே’ போய் ‘யோ’ வரும்: ‘கொரே, உமஇ யோ’. சமைத்தவரிடமே ‘யோ’ போட்டால் அவருக்குத் தெரியாததை நீங்கள் சொல்லித் தருவதுபோல் ஆகிவிடும்.

எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘அழகு’, ‘சுவை’ என்ற அதே இரண்டு காஞ்சிகள்தான் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) இரு சொல்லுக்கும். பின்னால் ‘இ’ மட்டும் இருந்தால் உமஇ, ‘ஷிஇ’ இருந்தால் ஒஇஷீ. திறமைப் பொருளுக்கு ‘மேல்’, ‘கை’ என்ற காஞ்சிகள் வரும்.

‘உமாமி தெஸ்’ என்று பாராட்டுவதும் இப்போது அதிகம் கேட்கிறது, அது சரியல்ல. இந்தச் சொல்லின் அடியிலிருந்து வந்ததுதான் உமாமி. கொம்பு என்ற கடற்பாசியில் ருசி தரும் குளூட்டமேட் என்ற பொருளைக் கண்டறிந்த வேதியியலாளர் இக்கெதா கிக்குனே 1908-ல் அந்தச் சுவைக்கு வைத்த பெயர். அது பெயர்ச்சொல். சூப்பில் உமாமி இருக்கிறது என்று சொல்லலாம். சூப் உமஇ.